1609 ஞானஸ்நானப் பதிவு: மாசசூசெட்ஸ் முன்னோர் இவர்தானா?

பாளை மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பிறந்தவள்; வாழ்க்கைப்பட்டது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில். கணவர் வீட்டாரின் முன்னோர் ஒருவர் 1630-களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்பது அந்த வீட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. கணவரின் அத்தை ஒரு வம்ச வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதன் உச்சியில், சஃபோக் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1609 நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தையின் பெயர். அதற்கும் மேலே சிங்கம் பொறித்த கேடயம் வேறு.

என் மகள் பள்ளிக்காகக் குடும்ப வரலாறு எழுதுகிறாள். “அந்தக் குழந்தைதான் இங்கே வந்தவர் என்று யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள். அத்தையிடம் விசாரித்தால், “எல்லா வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது” என்கிறார். குடும்பப் பெயரைப் பொதுவில் எழுத விரும்பவில்லை. ஆங்கிலேயக் கிராமங்களில் மலிவாகக் கிடைக்கும் தொழிற்பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் என்றால் குலதெய்வம் எது என்று கேட்டாலே பூர்வீக ஊர் தெரிந்துவிடும். இவர்களுக்கு அப்படி ஏதாவது பிடி உண்டா?

மையொற்றி எழுதியது:

வாருங்கள் சகோதரி. சரியான கேள்வியைக் கேட்டது உங்கள் மகள்தான்.

கிழக்கு இங்கிலாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் பழைய பதிவேடுகளைப் படியெடுத்துக் கொடுக்கும் தன்னார்வலன் நான். அத்தை நம்பியிருக்கும் ஏடு எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் போட்ட உத்தரவில் இது தொடங்குகிறது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) ஏட்டில் ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. ஆரம்பத்தில் பல ஊர்களில் காகிதத்தில் எழுதினார்கள், மக்கிப்போயிற்று. 1598-இல், பழையவற்றையெல்லாம் தோல்தாளில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, ‘குறிப்பாக எலிசபெத் அரசியார் பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து’ என்று ஒரு வாசகமும் சேர்ந்து வந்தது. அதைப் படித்த குருமாரில் பலர் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனையோ ஊர்ப் பதிவேடுகள் 1558-இல் தொடங்குவது அதனால்தான். அதே சமயத்தில், ஆண்டுதோறும் ஒரு நகலைப் பிஷப்புக்கு அனுப்பவும் விதி வந்தது. மூல ஏடு எலிக்கும் ஈரத்துக்கும் போன ஊர்களில் இந்த நகல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள்; ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும்.

1609-இல் ஒரு ஞானஸ்நானப் பதிவு என்பது ஒரே வரி. தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். தாயின் பெயரைப் பல ஊர்களில் எழுதவே மாட்டார்கள். தொழில், குடியிருப்பு என்று கட்டம் போட்டு அச்சடித்த படிவம் 1813-இல்தான் வந்தது. ஆக அத்தையின் கையில் இருப்பவை ஒரு பெயரும் ஒரு தேதியும். அந்தப் பெயரோ மலிவான பெயர்.

முதல் வேலை: அதே ஊரின் அடக்கப் பதிவேட்டை 1609-லிருந்து வரிவரியாகப் படியுங்கள். கணினி அட்டவணையில் தேடினால் போதாது, பக்கத்தின் படத்தையே பார்க்க வேண்டும். குழந்தையிலேயே இறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இறக்கவில்லையென்றால் 1640-கள் வரை திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் பாருங்கள். அதே ஆள் அதே ஊரில் வருடந்தோறும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தால், அவர் மாசசூசெட்ஸில் காடு திருத்திக்கொண்டிருக்க முடியாது.

குறுக்குவிசாரணை எழுதியது:

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். எல்லா வரைபடத்திலும் இருக்கிறது என்பது சாட்சியமே அல்ல. ஒரு சாட்சி சொன்னதை நூறு பேர் திருப்பிச் சொன்னாலும் சாட்சி ஒருவர்தான்.

அந்தச் சிங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குஸ்தாவ் ஆன்ஜூ என்று ஓர் ஆசாமி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பணம் படைத்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு இங்கிலாந்து வம்சாவளி தயாரித்து விற்றார். உண்மையான பதிவுகளுக்கு நடுவே, இல்லாத உயிலையும் இல்லாத ஞானஸ்நானத்தையும் செருகிவிடுவது அவருடைய தொழில் நேர்த்தி. அவர் கட்டிய கதைகளில் பல இன்றும் இணைய வரைபடங்களில் உலவுகின்றன. அத்தையின் படத்துக்கு மூலம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

கோட்டைப்புறம் எழுதியது:

மாசசூசெட்ஸ் என்றதும் எங்கள் சென்னைக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் இறுதியில் பிரதிஷ்டை ஆயிற்று. நவம்பர் 4-ஆம் தேதி அங்கே நடந்த முதல் திருமணம் யேலுடையது. மணமகள், கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேத்தரின். யேல் தம் மகன் டேவிட்டை இந்த ஊரில்தான் அடக்கம் செய்தார். சமாதி உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. மதராஸ் மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. குடும்பத்தில் யாராவது கம்பெனி வேலைக்கு வந்திருந்தால் அங்கேயும் ஒரு கண் வைக்கலாம்.

குறுக்குவிசாரணை எழுதியது:

கோட்டைப்புறத்தாருக்கு எந்த இழையைக் கொடுத்தாலும் அது கோட்டை வாசலில்தான் போய் முடியும்.

பாளை மருமகள் எழுதியது:

வக்கீல் சார், அத்தையிடம் மூலம் கேட்டேன். ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

மையொற்றி ஐயா சொன்னபடி அடக்கப் பதிவேட்டின் படங்களைத் திறந்தேன். கண் பழகவே நாளாயிற்று. அந்தக் காலத்துக் கையெழுத்தில் ‘சி’ இன்றைய ‘ஆர்’ போல இருக்கிறது, ‘ஹெச்’சின் கால் கோட்டுக்குக் கீழே வளைந்து தொங்குகிறது, பெரிய ‘எஃப்’ என்றால் இரண்டு சின்ன ‘எஃப்’ போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தின் வலது ஓரம் முழுக்க நீர்க்கறை.

அதில் ஒரு வரி கிடைத்தது. அதே பெயர், அதே தகப்பன் பெயர், குழந்தை என்ற குறிப்பு. அடக்கம் செய்த நாள் 1609 பிப்ரவரி 11. படத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். “எனக்கு இது தெரியும். பிப்ரவரியில் ஒரு குழந்தை இறந்தது. நவம்பரில் அடுத்தது பிறந்தது. இறந்ததன் பெயரையே வைத்தார்கள். அந்த இரண்டாவது பிள்ளைதான் நம் ஆள்” என்றார். அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் வைப்பது வழக்கம் என்று நானும் படித்திருக்கிறேன். பிப்ரவரிக்குப் பிறகுதானே நவம்பர் வருகிறது? நான் என்ன பதில் சொல்வது?

மையொற்றி எழுதியது:

அத்தையிடம் மெல்ல உட்கார்ந்து பேசுங்கள். செய்தி அவருக்கு நல்லதல்ல.

1609-இல் இங்கிலாந்தில் புத்தாண்டு ஜனவரி 1 அன்று பிறக்கவில்லை. கன்னி மரியாளுக்குத் தூதுரைத்த திருநாளான மார்ச் 25 அன்றுதான் ஆண்டு எண் மாறும். எனவே அந்த ஏட்டில் 1609 என்ற ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கி, ஏப்ரல், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று போய், மார்ச் 24-இல் முடிகிறது. ஏட்டின் ‘1609 பிப்ரவரி’ நம் கணக்கில் 1610 பிப்ரவரி. அதாவது நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, மூன்று மாதத்தில் அடக்கம் ஆகியிருக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், பக்கத்தைப் பாருங்கள். அந்த பிப்ரவரி வரிக்கு மேலே இருப்பது டிசம்பரா? கீழே சில வரிகள் தள்ளி, மார்ச் கடைசியில் 1610 என்று புதிய தலைப்பு வருகிறதா?

ஊரறிந்த ஓர் உதாரணமும் தருகிறேன். அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு, யார்க்‌ஷயரின் ஆஸ்டர்ஃபீல்டில் ஞானஸ்நானம் பெற்றது ஏட்டுக் கணக்கில் 1589 மார்ச் 19. நம் கணக்கில் 1590. இன்னும் ஆறு நாள் கழித்து நடந்திருந்தால் ஏட்டிலும் 1590 என்றே இருந்திருக்கும். குழப்பம் வராமலிருக்க, ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான தேதிகளை 1589/90 என்று இரட்டை ஆண்டாக எழுதுவது ஆய்வாளர் வழக்கம். இங்கிலாந்தும் அதன் குடியேற்ற நாடுகளும் இந்தக் கணக்கைக் கைவிட்டது 1752-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று.

பாளை மருமகள் எழுதியது:

பார்த்தேன். மேலே டிசம்பர், ஜனவரி. கீழே ஐந்தாறு வரி தள்ளி 1610 தலைப்பு. அதற்குப் பிறகு அந்தத் தகப்பனுக்கு அதே பெயரில் இன்னொரு பிள்ளை இருக்கிறதா என்று 1625 வரை புரட்டினேன். இரண்டு பெண் குழந்தைகள்தான்.

நாற்பது, ஐம்பது வரைபடங்களில் ஏறி உட்கார்ந்திருப்பவர் மூன்று மாதக் குழந்தை. அவருக்கு எட்டுப் பிள்ளைகள் வேறு எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாரல் எழுதியது:

எதற்கு இந்தப் பாடு? கணவரை டிஎன்ஏ பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எச்சிலை அனுப்பினால் ஊர் பெயரோடு வந்துவிடும்.

மையொற்றி எழுதியது:

ஊர் பெயர் வராது, சாரல். தகப்பன் வழியே மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைச் சோதித்தால், அமெரிக்காவில் அதே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு கிளைகள் ஒரே ஆணின் வழி வந்தவையா என்று சொல்லலாம். அது பெரிய உதவிதான். ஆனால் இங்கிலாந்துக் கிராமத்திலேயே தங்கிவிட்ட உறவினரின் வாரிசு ஒருவரும் பரிசோதித்து, இரண்டும் பொருந்த வேண்டும். அந்த வாரிசு யார் என்று கண்டுபிடிக்க மறுபடி பதிவேட்டுக்குத்தான் வர வேண்டும்.

குறுக்குவிசாரணை எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். பதிவேட்டில் தகப்பன் என்று எழுதியிருப்பதற்கு என்ன ஆதாரம்? குருவானவர் யாரையும் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்க மாட்டார்.

ரிச்சர்டு மோர் விவகாரத்தைப் படித்திருப்பீர்கள். மேஃபிளவர் கப்பலில் 1620-இல் பெற்றோர் இல்லாமல் வந்த நான்கு குழந்தைகளில் ஒருவன். யார் பிள்ளைகள், ஏன் தனியாக வந்தார்கள் என்பது முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் விடை கிடைத்தது. ஷ்ராப்ஷயரின் ஷிப்டன் ஊர்ப் பதிவேட்டில், சாமுவேல் மோரின் மகனாக 1614-இல் ரிச்சர்டுக்கு ஞானஸ்நானம். சாமுவேலோ, நால்வரும் தமக்குப் பிறந்தவர்கள் அல்லர், மனைவி கேத்தரினுக்கும் ஜேக்கப் பிளேக்வேக்கும் பிறந்தவர்கள் என்று சொல்லி, கப்பலேற்றி அனுப்பிவிட்டவர். முதல் குளிர்காலத்தைத் தாண்டியவன் ரிச்சர்டு ஒருவன்தான். ஏடு ஒரு தகப்பனைச் சொல்கிறது, அந்தத் தகப்பனே இல்லை என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?

மையொற்றி எழுதியது:

இரண்டையும். சடங்கு நடந்தது என்பதற்கு ஏடு சாட்சி, பிறப்புக்குச் சாட்சி அல்ல. ஷிப்டன் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நால்வரின் கதையை யாராலும் சொல்லியிருக்க முடியாது. சாமுவேல் எழுதி வைத்த விளக்கமும் குடும்பத்துக் காகிதங்களில் இருந்து வெளியே வந்ததால்தான் தெரிந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டின் கதையும் இதே வகைதான். அவர் எந்த ஊர்க்காரர் என்றே நெடுங்காலம் தெரியாது. ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கர் லண்டனில் தங்கி, 17-ஆம் நூற்றாண்டு உயில்களை வரிசையாகப் படித்து, 1885-இல் விடையை வெளியிட்டார். 1607 நவம்பர் 29 அன்று லண்டன் சதர்க்கின் செயின்ட் சேவியர்ஸ் (மீட்பர்) ஆலயத்தில் ஞானஸ்நானம். ஆனால் ஏட்டில் ‘ஹார்வர்டு’ என்று இல்லை. ‘கசாப்புக்காரர் ராபர்ட்டின் மகன் ஜான் ஹார்வி’ என்று இருக்கிறது. பெயரை மட்டும் தேடிக்கொண்டு போனவர் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார். தந்தை 1625 கொள்ளைநோயில் இறந்தார்; தாய் மறுமணம் செய்துகொண்டு பிறகு அவரும் உயில் எழுதி இறந்தார். அந்த உயில்களில் தாய், மகன், சகோதரன் என்று உறவு சங்கிலியாக வந்ததால்தான், ‘ஹார்வி’யும் ஹார்வர்டும் ஒருவர் என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

இன்னொன்று ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ். மேஃபிளவரில் குடும்பத்தோடு வந்தவர். அவருக்கு குளோஸ்டர்ஷயரில் ஓர் ஊரைக் காட்டி, பல புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். 1998-இல் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர் ஹாம்ப்‌ஷயரின் ஹர்ஸ்லி பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்று ஒருவர் எங்கும் கிடைப்பார். அவருக்கு கான்ஸ்டன்ஸ் என்று ஒரு மகளும் கைல்ஸ் என்று ஒரு மகனும், 1606-இலும் 1608-இலும், ஒரே ஏட்டில் கிடைப்பது அரிது. கப்பலில் வந்த பிள்ளைகளின் பெயரும் அவைதான். அதே ஊரில் 1613-இல் அவருடைய மனைவி மேரியின் அடக்கம். தனி மனிதரைத் தேடாமல் குடும்பத்தைத் தேடுங்கள் என்று நாங்கள் கரடியாய்க் கத்துவது இதற்காகத்தான்.

மருமகளே, இப்போது இங்கிலாந்தை மூடி வைத்துவிட்டு மாசசூசெட்ஸில் உட்காருங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஊர்களில் பதிய வேண்டும் என்று அங்கே 1639-இலேயே சட்டம் வந்துவிட்டது. நீதிமன்ற வாக்குமூலங்களில் ‘சுமார் ஐம்பது வயது’ என்று இருக்கும். பத்தின் மடங்காகச் சொல்வது பழக்கம், ஐந்தாறு ஆண்டு முன்பின் விடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் யார், உயிலை மேற்பார்வை செய்தவர் யார், ஜாமீன் நின்றவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கால மக்கள் கும்பலாகத்தான் கப்பலேறினார்கள். நார்ஃபோக்கின் ஹிங்கம் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், குடியேறிய இடத்துக்கும் ஹிங்கம் என்றே பெயர் வைத்தார்கள். ஆபிரகாம் லிங்கனின் முன்னோர் சாமுவேல் லிங்கன் அந்தக் கும்பலில் ஒருவர். 1622-இல் ஹிங்கமில் ஞானஸ்நானம் பெற்றவர்.

பாளை மருமகள் எழுதியது:

கொஞ்சம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மகளும் நானும் ஊர்ப் பதிவுகளைப் படித்தோம். அவளுக்குக் கையெழுத்து என்னைவிட நன்றாகப் பிடிபடுகிறது.

எங்கள் ஆள் முதன்முதலில் தட்டுப்படுவது 1637-இல், நிலம் ஒதுக்கிய பட்டியலில். மனைவியின் குடும்பப் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவருடைய பெயர் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த அரிதான பெயர். 1662-இல் ஒரு வேலித் தகராறில் கொடுத்த வாக்குமூலத்தில் எங்கள் ஆளுக்குச் சுமார் ஐம்பத்தைந்து வயது. அப்படியென்றால் 1607 வாக்கில் பிறந்தவர். பக்கத்து நிலத்துக்காரரே அவருடைய உயிலுக்கும் மேற்பார்வையாளர். அந்த மனிதர் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்துக்காரர் என்பது ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்டு அச்சிலும் வந்திருக்கிறது. ஊர் பெயரும் தெரியும்.

அந்த எசெக்ஸ் ஊரின் திருமணப் பதிவேட்டில் 1631-இல் ஒரு வரி: எங்கள் ஆளின் பெயர், மணமகளாக அந்த அரிதான பெயர். எழுந்து ஆடாத குறைதான்.

குறுக்குவிசாரணை எழுதியது:

ஆட்டம் இருக்கட்டும். அந்தத் தம்பதி 1637-க்குப் பிறகு அந்த ஊரிலேயே இருந்தார்களா?

பாளை மருமகள் எழுதியது:

நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று மகள் முன்பே சொன்னாள். 1632-இலும் 1634-இலும் இரண்டு ஞானஸ்நானம். 1636-க்குப் பிறகு அந்தப் பெயரே ஏட்டில் இல்லை, அடக்கத்திலும் இல்லை. 1632-இல் ஞானஸ்நானம் பெற்ற மகளின் பெயரில் இங்கே மூத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். இரண்டாவது குழந்தையைப் பற்றி இந்தப் பக்கம் எந்தத் தகவலும் இல்லை.

மையொற்றி எழுதியது:

நல்ல வேலை. சஃபோக்கைவிட இது எவ்வளவோ வலுவான கட்டு. இருந்தாலும் ‘இருக்கக்கூடும்’ என்றுதான் இன்னும் எழுத வேண்டும். 1636-இல் பெயர் நின்றுபோவதற்குக் கடல் தாண்டியது மட்டுமே காரணம் அல்ல. அடுத்த பங்குக்குக் குடிபெயர்ந்திருந்தாலும் ஏட்டில் நின்றுபோகும். சுற்றியுள்ள ஊர்களின் ஏடுகளையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அதோடு பெண்வீட்டு உயிலைத் தேடுங்கள். எசெக்ஸ் ஆர்ச்டீகன் (பிஷப்புக்குக் கீழ்ப்பட்ட திருச்சபை அதிகாரி) நீதிமன்றங்களின் உயில்கள் செம்ஸ்ஃபோர்டு காப்பகத்தில் இருக்கின்றன. சொத்து அதிகம் என்றால் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அவை லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நல்லவேளை நீங்கள் தேடுவது டெவனில் அல்ல. எக்ஸிடர் நகரத்து உயில் காப்பகம் 1942 குண்டுவீச்சில் எரிந்து, அந்தப் பக்கத்து உயில்களில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது.

பாளை மருமகள் எழுதியது:

மணமகளின் குடும்பப் பெயரில் அந்த ஊர் விதவை ஒருவரின் உயில் கிடைத்தது. தேதி 1639 ஜனவரி, அதாவது 1639/40. (கற்றுக்கொண்டோம்!) அந்த அரிதான பெயரைச் சொல்லி, ‘இப்போது கடலுக்கு அப்பால் இருக்கும் என் மகளுக்கு, உயிரோடு இருந்தால், நாற்பது ஷில்லிங்’ என்று மகள் படிக்கிறாள். நடுவில் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. அத்தையும் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். படத்தை இணைத்திருக்கிறேன்.

மையொற்றி எழுதியது:

‘உயிரோடு இருந்தால்’ வரை மகள் படித்தது சரி. பிடிபடாத சொல், மருமகன் பெயரின் சுருக்கமாக இருக்கலாம். முதல் எழுத்துக்கு மேலே ஒரு கோடு ஓடுகிறதே, அது சுருக்கக் குறி. ஆனால் படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. முழுப் பக்கத்தையும், சாட்சிகளின் கையொப்பம் தெரியும்படி, பின்பக்கத்தோடு சேர்த்துப் போடுங்கள். உங்கள் பக்கத்து நிலத்துக்காரரின் அப்பாவோ அண்ணனோ அங்கே சாட்சியாக நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.